குருவானவர் இல்லாத ஞாயிறுகள்

(தலவிலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பிறப்பு, படிப்பு, பதவி, பட்டம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அதன்பிறகு பேச்சாளர் தமக்குப் பிடித்த பொருளுக்குப் போய்விடுவார். இங்கே எனக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. எந்தத் தாயாரின் நினைவாக இந்த அறக்கட்டளை நிறுவப்பட்டதோ, அவருடைய பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது என்றார்கள். அவருக்குப் பதவியும் இல்லை, பட்டமும் இல்லை. காலையில் கோயிலுக்குப் போவார். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார். அயலில் ஒரு சாவு விழுந்தால் கூப்பிடாமலே போய் நிற்பார். இப்படி ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது என்பதே என் கட்சி. இந்தக் கரையோரத்தில் கத்தோலிக்க விசுவாசம் இன்றைக்கும் உயிரோடு இருப்பது இப்படிப்பட்டவர்களால். நாம் எழுதிவைத்திருக்கும் திருச்சபை வரலாறோ பெரும்பாலும் ஆயர்களின் வரலாறு, குருமாரின் வரலாறு, கோயில் கட்டிய ஆண்டுகளின் வரலாறு. வாங்கிலில் உட்கார்ந்திருந்தவரின் வரலாறு அதில் மிகக் குறைவு. அந்தக் குறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பெயர் தெரியாத வழிப்போக்கர்

இந்த மண்ணின் தொடக்கக் கதையே பெயர் தெரியாத ஒருவரைப் பற்றியது. தலவிலைக் கோயிலுக்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்துபோன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர், களைத்து ஒரு மரத்தடியில் தூங்கினார், கனவில் புனித அன்னம்மாளைக் கண்டார் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகர் ஒருவர், தம்மிடமிருந்த சுரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, வியாபாரம் செழித்தால் வந்து கோயில் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டு, சொன்னபடியே திரும்பி வந்தார் என்பது மற்றது. இரண்டிலும் அவர் குருவானவர் இல்லை. இரண்டிலும் அவருக்குப் பெயரும் இல்லை. வழியில் வந்த ஒரு சாதாரண மனிதர், அவ்வளவுதான்.

கோயிலின் நாயகியைப் பாருங்கள். புனித அன்னம்மாள் மரியாவின் தாய், இயேசுவின் பாட்டி. விவிலியத்தில் அவர் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, விவிலியத்தில் சேர்க்கப்படாத யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலில்தான் சுவக்கீனும் அன்னாவும் நமக்கு அறிமுகமாகிறார்கள். நற்செய்தியாளர் நால்வரும் எழுதாத ஒரு பாட்டியைச் சனங்கள் விடாமல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைவு வளர்ந்து யூலை 26 திருநாளாயிற்று. களப்புக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்த மணல் தரையில் முதிரை மரத் தூண்களோடு ஒரு கோயிலுமாயிற்று.

மார்ச்சிலும் யூலை, ஆகஸ்டிலும் இங்கே கூடும் சனத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை தாண்டி, பஸ்ஸிலும் வானிலும் லொறியிலும் வந்து இறங்குகிறார்கள். மரங்களுக்கடியில் கூடாரம் அடிக்கிறார்கள். மூன்று கல் வைத்து உலை ஏற்றுகிறார்கள். தமிழரும் சிங்களவரும் வருகிறார்கள். கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் நேர்த்திக்கடன் கொண்டு வருகிறார்கள். இத்தனை கூட்டமும் தன் பெயரைத் தானே எழுதிவைக்காத ஒரு பாட்டியிடம் வருகிறது என்பதை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை.

முப்பது ஆண்டுப் பஞ்சம்

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அந்த ஆண்டே கட்டளை பிறந்தது. கற்பிட்டியும் அவர்கள் வசமாயிற்று. 1667க்கும் 1676க்கும் இடையில் அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் களப்பைப் பார்த்தபடி நிற்கிறது. கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது 1687இல். இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு. 1658இல் பிறந்த ஒரு பெண்பிள்ளை வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை தோளுக்கு மேல் வளரும்வரை ஒரு பூசையைக்கூடக் கண்ணால் கண்டிருக்க மாட்டாள்.

அடிகளார் வந்தபோது இங்கே வெறும் தரையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்காரராகப் போனார், அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்துத்தான் கத்தோலிக்க வீடுகளை அடையாளம் கண்டார். செபமாலை என்னவென்று தெரிந்தவர்கள் அந்த வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

வீட்டுக்குள் இருந்தவர்களைத் தவிர வேறு யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? ஒல்லாந்தரின் பள்ளிக்கூடத் தோம்பில் பெயர் ஏறினால்தான் திருமணமும் சொத்துரிமையும் செல்லும். ஆகவே பகலில் போய் அங்கே பெயரைப் பதிந்தார்கள். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை சாகக் கிடந்தால் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவசரத்தில் அதை யாரும் கொடுக்கலாம். தண்ணீர், உரிய வாக்கியம், திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம், இவை போதும் என்பது இன்றும் திருச்சபையின் சட்டம். மருத்துவிச்சிக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் அந்த வாக்கியம் தெரிந்திருந்தது.

1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனவர்கள் இருபது குடும்பங்கள் என்று மடுத் திருத்தலத்தின் வரலாறு சொல்கிறது. எத்தனை குடும்பங்கள் என்ற எண் இருக்கிறது. எந்தக் குடும்பங்கள் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது.

கஞ்சி கொடுத்த கை

யோசப் வாஸ் அடிகளார் இப்போது புனிதர். 1995இல் காலிமுகத் திடலில் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் அதே திடலில் பிரான்சிஸ் திருத்தந்தை அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்த நாட்டின் முதல் புனிதர். அவரைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அந்த நூல்களின் ஓரங்களில் வந்து போகிறவர்களைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூலியாளைப்போல் வேடமிட்டுக் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது அவருக்குக் கடும் வயிற்றுளைவு. கிட்ட வர எல்லோரும் பயந்த நேரத்தில் ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. அவர் கொடுத்தது புனிதர் என்று தெரிந்து அல்ல. தெருவோரத்தில் கிடந்த பரதேசி ஒருவர் என்றுதான் கொடுத்தார். அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் பிறகு வந்த இருபத்துநான்கு ஆண்டுப் பணியும் இல்லை.

கோவாவிலிருந்து அவரோடு கூட வந்த இளைஞர் யோவான் என்ற பணியாள். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தத் தளபதி புளோரிஸ் பிளோமின் ஆட்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரை வீடு புகுந்து பிடித்தார்கள். சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கரான தொன் பேதுரு என்பவர் சவுக்கடியில் உயிர் விட்டார். வேறு ஏழு பேர் கோட்டையில் கடூழியம் செய்து மடிந்தார்கள். அந்த ஏழு பேரும் எண்ணாகவே நிற்கிறார்கள். அதன்பின் அடிகளார் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்கு வந்தார். நம் ஊருக்கு வந்துவிட்டார்! சுமார் ஓராண்டு இந்தப் பகுதி அவருக்கு இடம் கொடுத்தது. எந்த வீட்டில் தூங்கினார், யார் சோறு போட்டது என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

1692இல் கண்டிக்குப் போகும் வழியில் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றம் சாட்டிப் பிடித்தபோது கூடவே சிறைக்குப் போனவர்கள் இருவர். ஒருவர் இந்த யோவான். மற்றவர் அந்தோனியோ சொட்டமாயோர் என்ற கத்தோலிக்கர். சிறை வளவுக்குள்ளேயே ஒரு குடிலை எழுப்பிப் பீடம் வைத்தார்கள். அந்த ஆண்டு நத்தார்ப் பூசை அங்கே நடந்தது. அந்தச் சிறைக்குள் யார் இருந்தார்கள்? ஒரு குருவும் இரண்டு பொதுநிலையினரும். அன்றைக்கு அந்தச் சிறைக்குள் திருச்சபை என்பது அவ்வளவுதான். அந்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு நம்மைப் போன்றவர்கள்.

மூப்பரும் அண்ணாவியாரும்

அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறந்தபோது நாட்டில் எழுபதாயிரம் கத்தோலிக்கரும், பதினைந்து கோயில்களும், நானூறு சிற்றாலயங்களும் இருந்தன என்று பொதுவாகச் சொல்லுவார்கள். குருமாரோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இந்தக் கணக்கைச் சும்மா வாசித்துவிட்டுப் போகாதீர்கள். நானூறு இடத்தில் ஞாயிற்றுக்கிழமை செபம் நடக்கவேண்டும். குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் பெரிது. மிச்ச ஞாயிறுகளை நடத்தியது யார்?

மூப்பரும் அண்ணாவியாரும். கோயிலின் காசுக்கும் சாமான்களுக்கும் மூப்பர் பொறுப்பு. குருவானவர் வருகிறார் என்ற செய்தியைக் காதும் காதும் வைத்தாற்போல் வீடு வீடாகச் சொல்லி அனுப்புவதும் அவர் வேலை. அண்ணாவியார் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார், ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லுவார், சாகக் கிடப்பவரின் பாயருகே இருந்து நன்மரணச் செபம் சொல்லுவார். பிற்காலத்தில் கோயிலைக் கூட்டித் துடைத்து, மணி அடித்து, மெழுகுதிரி ஏற்றிய சங்கிலித்தாமையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் யாரும் கோயிலில் இருந்து பிழைத்தவர்கள் அல்லர். வலை இழுத்தார்கள், கருவாடு காயவைத்தார்கள், தோட்டம் கொத்தினார்கள். அதன்மேல் இதையும் செய்தார்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1705இல் இலங்கைக்கு வந்தவர். சிங்களத்தையும் தமிழையும் நன்கு கற்று இரண்டிலும் எழுதினார். 1742இல் இறந்து, நம் சிலாபம் மறைமாவட்டத்திலேயே இருக்கும் போலவத்தையில் அடக்கமானார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசு காலத்தில் ராகம் இழுத்து வாசிக்கும் வழக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் இருக்கிறது. பிரசங்கம் என்று பெயர் இருந்தாலும் அதை வாசிப்பது ஊர் ஆள்தான். குருவானவர் இல்லாத கோயிலில் அவருடைய குரல் கேட்க வேண்டும், அதை ஊரார் தங்கள் தொண்டையால் கேட்கச் செய்ய வேண்டும். அதற்கான ஏற்பாடு அந்த நூல்.

1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளை நீக்கினார்கள். 1658 முதல் அதுவரை ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு. ஒரு திருச்சபைக்கு அது சின்னக் காலமில்லை.

பக்தியும் இரக்கமும்

இந்த இடத்தில் ஒரு தடை எழுப்பலாம். கோயிலுக்குப் போனவர்கள் எல்லோரும் நல்லவர்களா? இல்லை. தமிழ்நாட்டில் வடக்கன்குளம் கோயிலில் சாதிக்காரரைச் சாதிக்காரரிடமிருந்து பிரித்து ஒரு சுவர் நின்றது. அது இடிக்கப்பட்டது 1910இல். அந்தச் சுவரின் இரு பக்கமும் முழந்தாளிட்டவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் என்று சொல்ல முடியாது. செபமாலை சொல்லும் வாயாலேயே அயலவரை ஒதுக்கியும் பேசலாம். பக்தி மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரசு அலுவலர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவியோடு வாழவேண்டிய குடும்பஸ்தர். சாதி பார்க்காமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார், பழகினார். அதுவும் அவர்மேல் பகையை வளர்த்தது. 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். ஒரே ஊரோடு தொடர்புடைய இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சுவரை வைத்ததும் பக்திதான், தேவசகாயத்தை நடத்தியதும் பக்திதான். இரண்டாவதில் இரக்கம் கலந்திருந்தது. அந்த வேறுபாடுதான் எல்லாம்.

நம் தாயாருக்கு வருகிறேன். அவர் வைத்திருந்த பழைய செபப்புத்தகத்தைப் பிள்ளைகள் எனக்குக் காட்டினார்கள். அட்டை போய், துணி ஒட்டித் தைத்த புத்தகம். மன்றாட்டுமாலைப் பக்கங்களின் கீழ் மூலைகள் விரல் பட்டுக் கறுத்திருக்கின்றன. கடைசியில் அச்சில்லாத இரண்டு தாள்கள். அதில் பென்சிலிலும் பேனையிலுமாக இறந்தவர்களின் பெயரும் தேதியும். முதலில் சொந்தக்காரர், பிறகு அயலார், பிறகு திருநாளுக்கு வந்த இடத்தில் இறந்துபோன ஒருவர். நடுவில் இரண்டு முஸ்லிம் பெயர்கள், ஓர் இந்துப் பெயர், சிங்களப் பெயர்களும் இருந்தன. யாருக்காகச் செபம் சொல்லலாம், யாருக்காகச் சொல்லக் கூடாது என்று அவர் ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. அந்தந்தத் தேதி வந்தால் செபம் சொல்லுவாராம். சொல்லி முடித்து, அந்த வீட்டுக்கு ஒரு முறை போய், சும்மா வந்தேன் என்று சொல்லி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாராம்.

செபம் சொன்னது பக்தி. போய் இருந்தது இரக்கம். அவர் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை.

அந்தப் புத்தகம் தமிழ்ப் புத்தகம். பேரப்பிள்ளைகளில் சிலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. நீர்கொழும்பு முதல் இந்தப் பக்கம் வரை பல கத்தோலிக்கக் குடும்பங்களின் கதை இதுதான். பள்ளிக்கூடம் சிங்களத்துக்கு மாறியது, வீடும் பின்னால் மாறியது. ஆச்சி செபம் சொல்வது தமிழில், பேரன் பாடம் படிப்பது சிங்களத்தில். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த மொழியில் செபம் சொன்னாலும் அன்னம்மாளுக்கு விளங்கும். ஆனால் அந்த இரண்டு தாள்களில் உள்ள பெயர்கள் யாருடையவை என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டே போகிறார்கள்.

எழுதிவைக்க வேண்டியவை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் பூசைக்குப் போனவர்களில் பலர் குண்டுத் தாக்குதலால் வீடு திரும்பவில்லை. அப்படிக் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்களில் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருப்பதாக 2025இல் கொழும்பில் அறிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றைக்குக் காலையில் நல்ல உடுப்பு உடுத்து, பிள்ளையின் தலையை வாரிவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்ட சாதாரணப் பங்கு மக்கள். அவர்களுடைய பெயர்கள் எழுதப்பட்டது நியாயம், மிக நியாயம்.

ஆனால் சாகும் விதம் கொடுமையாக இருந்தால்தான் பெயர் எழுதப்படும் என்ற நிலை ஒரு திருச்சபைக்கு நல்லதா? எண்பது ஆண்டு ஒரே வாங்கிலில் உட்கார்ந்து, ஒரே ஊருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பாயில் படுத்து இறப்பவரும் சாட்சிதான். பங்குப் பதிவேட்டில் அவருக்கு நான்கு வரிகள் உண்டு: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், அடக்கம். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான். இந்தப் பங்கிலும் சுற்றியுள்ள ஒவ்வொரு சிற்றாலயத்திலும் இன்னொரு பதிவேடு திறவுங்கள். மூப்பராக இருந்தவர், அண்ணாவியார், சங்கிலித்தாம், மருத்துவிச்சி, பாடகர் குழுவில் நாற்பது வருடம் பாடியவர், திருநாளில் சனத்துக்குத் தண்ணீர் வார்த்தவர், ஒருவரையும் விட வேண்டாம். புகழுரை வேண்டாம். புகழுரையில் எல்லோரும் ஒரே முகமாகிவிடுவார்கள். கோபக்காரர் என்றால் கோபக்காரர் என்றே எழுதுங்கள். கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று போதும். யாரிடம் செபம் படித்தீர்கள்? உங்கள் வீட்டுச் சாவுக்கு முதலில் வந்து நின்றது யார்? கொடுத்ததைத் திருப்பிக் கேட்காமல் விட்டவர் யார்? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு போனால் ஊரின் உண்மையான வரலாறு தானாக வெளியே வரும்.

கேட்கப் போகும்போது கத்தோலிக்க வீடுகளோடு நின்றுவிடாதீர்கள். கற்பிட்டியில் முஸ்லிம் வீடுகளிலும், உடப்பில் இந்து வீடுகளிலும், அடுத்த தெருவில் பௌத்த வீடுகளிலும் கேளுங்கள். ஒருவர் பக்தியுள்ளவரா என்பதை உள்ளே இருப்பவர்கள் சொல்லலாம். இரக்கமுள்ளவரா என்று வெளியே இருப்பவர்கள்தான் சரியாகச் சொல்லுவார்கள். தமிழில் சொன்னால் தமிழில் எழுதுங்கள், சிங்களத்தில் சொன்னால் சிங்களத்தில் எழுதுங்கள். இளைஞர்கள் கையில் போன் இருக்கிறது. முதலில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள், எழுத்து ஆறுதலாக வரட்டும்.

இந்த அறக்கட்டளையின் பணத்தில் ஆண்டுக்கு ஒரு பேச்சு நடக்கும். அதைவிட அந்தப் பதிவேட்டுக்குக் கொப்பியும் பேனையும் வாங்கி, வீடு வீடாகப் போகும் இளைஞர்களுக்கு பஸ் காசு கொடுத்தால் இந்தத் தாயாரின் பெயருக்கு அது கூடப் பொருந்தும் என்று குடும்பத்தாரிடமும் சுவாமியிடமும் சபையோர் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு என்னைப் போன்ற பேச்சாளர் ஒருவரை அழைக்க வேண்டாம். அந்தப் பதிவேட்டிலிருந்து பத்துப் பக்கத்தை யாராவது ஒரு பிள்ளை எழுந்து வாசிக்கட்டும். வேலையை இந்தத் திருநாள் முடிந்த வாரமே தொடங்குங்கள். சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.